காளப்பாவுக்குப் போட்ட இலை

தேச்சம்மா மருமகளாக வந்த மூன்றாம் வருஷம் மாமியார் மூட்டுவலியில் படுத்தாள். அன்றிலிருந்து முன்னோர் படையலுக்குப் பன்றிக்கறி தேச்சம்மாவின் கையால்தான். குடகில் வீட்டுக்கு வீடு கறியின் ருசி மாறும். இந்த வீட்டில் மல்லியும் மிளகும் சீரகமும் கருக வறுத்து, ஒரு பிடி அரிசியையும் வறுத்துச் சேர்த்து அரைப்பார்கள். கொழுப்பு உருகி மேலே மிதந்த பிறகுதான் பழச்சாற்றைக் காய்ச்சி எடுத்த கறுத்த கச்சம்புளியை ஊற்றுவார்கள். வருஷத்துக்கு ஒருநாள் பங்காளிகள் அறுபது பேரும் பூர்வீகப் பெரிய வீட்டில் கூடுவார்கள். இறந்துபோன மூத்தவர்களுக்கு இலை போட்டு, கறியும் கடம்புட்டு என்கிற அரிசி உருண்டையும் சாராயமும் வைத்துக் கும்பிட்டான பிறகுதான் மற்றவர்கள் கை நனைப்பார்கள்.

புருஷன் சோமய்யா மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இறந்தபோது மகன் காளப்பாவுக்கு ஒன்பது வயது. வளர்ந்து பட்டாளத்துக்குப் போனவன் ஏழாம் வருஷம் பெட்டியோடு திரும்பினான். ஏன் வந்தான் என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான். குடித்தான்.

ஒருநாள் காலையிலேயே தள்ளாடிக்கொண்டு வந்து நின்றான். தேச்சம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு அவள் உலை வைக்கவில்லை. பட்டினி கிடந்தாலாவது புத்தி வரும் என்று நினைத்தாள். உச்சிவேளைக்கு அவன் அடுக்களை வாசலில் வந்து சோறு கேட்டான். அவள் சொன்ன பதிலை அந்த வருஷப் படையல் நாள்வரை யாரிடமும் சொல்லவில்லை. அவன் உள்ளே போனான். சுவரில் மாட்டியிருந்த தாத்தா காலத்துத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காப்பித் தோட்டத்துக்குள் இறங்கினான். வெடிச் சத்தம் கேட்டபோது பன்றி சுடுகிறார்கள் என்றே நினைத்தாள்.

அந்த வருஷப் படையலுக்கும் அவளே சமைத்தாள். இலை போடும்போது வரிசையின் கடைசியில் ஒன்று கூடுதலாகப் போட்டு, அதில் முதல் கரண்டிக் கறியை வைத்தாள். பூசைக்கு நின்ற உத்தய்யா இலைகளை எண்ணிப் பார்த்தார். அவர் சோமய்யாவின் அண்ணன், குடும்பத்துக்கே மூத்தவர்.

"இது யாருக்கு?"

"காளப்பாவுக்கு, பாவா."

"கல்யாணம் ஆகாம போனவனுக்கு இந்த வீட்டுல இலை கிடையாது. உனக்குத் தெரியாததா? அதுவும் பெரியவங்க வச்சிட்டுப்போன துப்பாக்கிய எடுத்து..."

"பசியோட போனான், பாவா. சோறு கேட்டான். குடிச்ச எடத்துலயே போய்த் தின்னுடான்னேன். நான்தான் சொன்னேன்."

கூடத்தில் அத்தனை பேரும் கேட்டார்கள். யாரோ ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காளப்பாவைச் சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனவர் உத்தய்யா. அவரே அந்த இலையை மடித்து எடுத்துப்போய் வேலியோரம் பலாமரத்தடியில் வைத்துவிட்டு வந்தார். அவர் கைகழுவி முடிப்பதற்குள் நாய்கள் வந்துவிட்டன.

தேச்சம்மா அழவில்லை, சண்டையும் போடவில்லை. பூசை முடிந்ததும் அறுபது பேருக்கும் பரிமாறினாள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தன் வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு பெரிய வீட்டு வாசற்படியை அவள் மிதிக்கவில்லை.

மறுவருஷம் உத்தய்யாவின் மருமகள் பொன்னம்மா படையல் கறியின் பக்குவம் கேட்டுத் தயங்கித் தயங்கி வந்தாள். தேச்சம்மா எதையும் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தாள். அரிசி எந்த நிறத்துக்கு வறுபட வேண்டும் என்பதுவரை.

"நீங்களே வந்து செஞ்சுடக் கூடாதா, அத்தை? மாமா ஒண்ணும் சொல்ல மாட்டார்."

"ருசியா சமைச்சுப் போடு. அவங்க சாப்பிடட்டும்," என்றாள் தேச்சம்மா.

வருஷாவருஷம் மகன் போன தேதியில் அவள் பன்றிக்கறி சமைத்து, உச்சிக்கு முன்னால் ஒரு இலை போட்டு, பொழுது சாயும்வரை அதன் எதிரில் உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை உத்தய்யா வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். அவள் காப்பி கொடுத்தாள். இருவரும் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள். உள்ளே இருந்த இலை அவர் கண்ணில் பட்டது. எழுந்து போய்விட்டார். அவர் இறந்தபோதும் பெரிய வீட்டுக்குள் நுழையாமல் வெளி முற்றத்திலேயே நின்று கும்பிட்டுத் திரும்பினாள்.

மகன் போய்ப் பதினொன்றாம் வருஷம் மழைக்காலத்தில் தேச்சம்மாவும் காய்ச்சலில் போனாள். அடுத்த படையலில் பொன்னம்மா மூத்தவர்களின் வரிசையில் அவளுக்கும் இலை போட்டு, கறி வைத்து, விழுந்து கும்பிட்டாள். காளப்பாவுக்கு யாரும் போடவில்லை. போட வேண்டும் என்று சொல்ல அங்கே ஆளும் இல்லை.