பெரியப்பாவின் குட்

நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு தேய்ந்துவிடும் என்று நினைக்கிற ஆட்கள் உண்டு. என் பெரியப்பா அந்த இனம். ஆனால் அவரிடம் ஒரு 'குட்' இருந்தது. சர்க்கார் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்த காலத்தில், ஃபைலோடு எதிரே நின்றவர்கள் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நின்றார்களாம். ரிட்டயரான பிறகு அது சாப்பாட்டுக்கு வந்தது. தம்பானூர் ஓட்டல் மசால்தோசைக்கு குட். கல்யாண வீட்டுப் போளிக்கு குட். பெரியம்மாவின் சாம்பாருக்கு மட்டும் கைகழுவுகிற சத்தம்தான் பதில்.

அவர்கள் குடியிருக்கிற ஸ்ரீவராகத்தில் பெரியம்மாவின் கைப்பக்குவத்துக்குப் பேர் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அங்கேதான் சாப்பாடு. பிரமாதம் என்பேன். "நீ சொல்லி என்ன? முற்றத்து முல்லைக்கு மணமில்லைன்னு மலையாளத்துல ஒண்ணு உண்டு, கேட்டியா" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் உப்பு ஒரு கல் கூடியிருக்கும்.

போன வருஷம் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரே வார்த்தை. தாகத்துக்கும் குட், வெந்நீர் சுட்டாலும் குட். கூட வேலை பார்த்த சிநேகிதர் போய்விட்டார் என்று சொன்னபோது கண்ணீர் வழிய, "குட், குட்" என்றார். விசாரிக்க வந்தவர்கள் தெருவுக்குப் போய்ச் சிரித்தார்கள். அவர் நினைப்பது ஒன்று, வாய் சொல்வது இது, இனி இப்படித்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முதல் நாள் ரசஞ்சாதம் ஊட்டும்போது பெரியம்மா கேட்டாள்: "ஏன்னா, எப்படி இருக்கு?"

"குட்."

ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. வாழ்நாளெல்லாம் காத்திருந்த சொல். ஆனால் வெந்நீருக்கும் சாவுக்கும் கிடைத்த அதே சொல்.

உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். பெரியம்மா அடியோடு நிறுத்தினாள். அவருக்கென்று தனிச் சட்டி வைத்தாள். முதலில் உப்பில்லாத சாம்பார், பிறகு அரைவேக்காட்டு வாழைக்காய், பிறகு வெறும் தண்ணீரில் வெந்த பாகற்காய். ஒவ்வொரு வாய்க்கும் அந்தக் கேள்வி. அவர் முகம் கோணிக்கொண்டு போகும், வாய் குட் என்னும். "பாத்தியா, இப்பத்தான் உங்க பெரியப்பாவுக்கு என் சமையல் பிடிச்சிருக்கு" என்பாள் என்னிடம். என் தட்டிலிருந்து கொஞ்சம் அவர் பக்கம் தள்ளப் பார்த்தேன். டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று என் கையைத் தட்டிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பதில் சொல்லவில்லை. பெரியம்மா மறுபடி மறுபடி கேட்டாள். பாகற்காயை மென்று விழுங்கிவிட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

பெரியம்மா ஸ்பூனைக் கீழே வைத்தாள். "வந்தாச்சு" என்றாள் என்னிடம். "பழைய மனுஷன் வந்தாச்சு." குரலில் கோபமே இல்லை. தொலைந்த சாமான் கிடைத்த மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் போனபோது தனிச் சட்டி இல்லை. பூசணிக்காய் எரிசேரி, தேங்காய் சிவக்க வறுத்துப் போட்டது, அவருக்கும் அதேதான். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அவள் எதுவும் கேட்கவில்லை. காலி ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் வாய் திறக்கவில்லை.

பெரியம்மா அவர் வாயைத் துடைத்துவிடும்போது பக்கத்து வீட்டு மாமி, மகனுக்குப் பிறந்தநாள் என்று ஒரு கிண்ணம் பால்பாயசம் கொண்டுவந்தாள். தானே ஒரு ஸ்பூன் ஊட்டினாள். எப்படி இருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

"குட்" என்றார் பெரியப்பா, தெளிவாக.

மாமிக்குப் பூரிப்பு. "மாமாவே சொல்லியாச்சு, இனி யார் சொல்லணும்?" பெரியம்மாவும் சிரித்தாள். கிண்ணத்தைக் கழுவினாள். வெறுங்கிண்ணமாகத் திருப்பித் தரக்கூடாது அல்லவா, மிச்சமிருந்த எரிசேரி முழுவதையும் வழித்துப் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது, தனிச் சட்டி மறுபடியும் அடுப்பில் இருந்தது.