பிரிக்காமல் வைத்த பூப்பொட்டலம்

அன்று தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்து வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர் மாரிமுத்து, அவருடைய அக்கா செல்லம்மா, தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி ராமையா, பாயில் என் நாலு வயது மகன் கவின். ஆறாவதாக அம்மனும் இருந்தாள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தை மாதம், செவ்வாய்க்கிழமை. பிள்ளைக்கு அம்மை கண்ட ஆறாம் நாள். எங்கள் தோட்டத்தில் அம்மை போட்டால் வீட்டுக்கு அம்மா வந்திருக்கிறாள் என்போம். வாசலில் வேப்பிலை கட்டுவோம். தாளிக்க மாட்டோம், மருந்து கொடுக்க மாட்டோம். அம்மை இறங்கி, வேப்பிலைத் தண்ணீரில் மூன்று முறை குளிப்பாட்டி மூன்று தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வாசல் தாண்ட விட மாட்டோம். நானும் அப்படியே இருந்தேன். கொப்புளம் காயத் தொடங்கி, காய்ச்சலும் விட்டது. நிம்மதியாக மூச்சு விட்டேன். மறுநாளே காய்ச்சல் திரும்பி ஏறியது, கூடவே இருமல். ஆறாம் நாள் காலையில் பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூச்சு விடும்போது மூக்கு விரிந்து விரிந்து அடங்கியது.

நான் பயந்த சுபாவம். மழை பெய்தால் மண் சரியுமோ என்று பயம், பெய்யாவிட்டால் வேலை நாள் குறையுமோ என்று பயம். பயம் வந்தால் எதையாவது எண்ணுவேன். கூரைத் தகரத்தின் ஆணியை, மலையில் தேயிலைச் செடியை. லயத்தில் எனக்குக் கணக்கப்பிள்ளை என்றே பட்டப்பெயர்.

அன்று பிள்ளையின் மூச்சை எண்ணினேன். கிளினிக்கில் மருத்துவிச்சி மிஸ் சொல்லியிருந்தார்: இந்த வயதுப் பிள்ளை அழாமல் சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு நாற்பது தடவைக்கு மேல் மூச்சு விட்டாலோ, மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். போனில் நேரம் வைத்து எண்ணினேன். ஐம்பத்தெட்டு. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று திரும்ப எண்ணினேன். அறுபது.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

"புத்தி இருக்கா ஒனக்கு? மூணாந்தண்ணி ஊத்தாம வாசலத் தாண்டுனா அம்மா சும்மா விடுவாளா?" என்றார் செல்லம்மா.

"அண்ணி, மூச்சு அறுபது ஓடுது."

"ஆணிய எண்ணுன, செடிய எண்ணுன. புள்ள மூச்சையாச்சும் விட்டு வையேன் தாயி."

என் வீட்டுக்காரர் முகமும் வெளுத்திருந்தது. "பூ கேட்டுப் பாப்போம். அம்மா போன்னா போவோம்" என்று பூசாரியைக் கூட்டி வந்தார்.

பூசாரி கையில் ஒரே மாதிரி இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. அம்மன் படத்தின் முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அசையக் கூடாது.

சிவப்பு வந்தால்? கண்ணை மூடினேன். தாயே, வெள்ளைப் பூ கொடு என்று கேட்கவில்லை. எனக்கு இல்லாத தைரியத்தைக் கொடு, இந்த ஒரு நாளைக்கு மட்டும் கொடு என்று கேட்டேன். கண்ணைத் திறந்தபோது வாய் தானாகப் பேசியது.

"ஐயா, பொட்டலத்தக் கீழ வைங்க. மொதல்ல இங்க வந்து என்கூட எண்ணுங்க."

பூசாரி முன்னால் அதுவரை நான் நிமிர்ந்து பேசியதில்லை. அவர் பாய் ஓரத்தில் குந்தினார். பிள்ளையின் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். விலாவுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழும்பியது. முப்பது வரை எண்ணிவிட்டுப் போனைப் பார்த்தார். அரை நிமிஷம்தான் ஆகியிருந்தது.

"பூ கேக்குற நேரமாடா இது? தூக்குடா புள்ளய!" என்று எழுந்தார். "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். கோவம் வந்தா என்மேல வரட்டும்."

கதவைத் திறந்தவர் செல்லம்மாதான். ஒரு கொத்து வேப்பிலையைப் பிடுங்கி, பிள்ளையைச் சுற்றிய கம்பளிக்குள் அவரே செருகினார்.

த்ரீவீல் ஆட்டோ ஓட்டும் பாரூக் நானா அம்மைப் பிள்ளையை ஏற்றத் தயங்குவாரோ என்று பயந்தேன். அவரோ, "எனக்குச் சின்ன வயசுலயே வந்து போச்சு, ஏறுங்க தங்கச்சி" என்றார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்தார்கள். "அம்மையில ஒடம்பு அசந்த நேரம் பாத்து வேறொரு கிருமி நெஞ்சுக்குள்ள எறங்கியிருக்கு. நிமோனியா. இதுக்கு மருந்து இருக்கு, பயப்படாதீங்க" என்றார் டொக்டர்.

"பயப்படாம இருக்க எனக்குத் தெரியாதுங்க டொக்டர்."

அவர் சிரித்தார். "அப்ப எண்ணிக்கிட்டே இருங்க."

மூச்சு வாங்க மூக்கில் ஒட்சிசன் குழாய் வைத்தார்கள், ஊசி மருந்து ஏற்றினார்கள். நான் கட்டிலோரம் எண்ணினேன். இரண்டாம் நாள் நாற்பத்தெட்டு. மூன்றாம் நாள் முப்பத்தெட்டு. நாலாம் நாள் இருபத்தெட்டு! அன்று கவின் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, பிஸ்கட்" என்றான். வார்டென்றும் பார்க்காமல் தாயே என்று கத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை லயமெல்லாம் ஓடினான். "இனி எதுக்கு மருந்து?" என்றார் வீட்டுக்காரர். டொக்டர் சொன்ன கடைசி வேளைவரை சுவரில் கரியால் கோடு போட்டுக் கொடுத்து முடித்தேன். அடுப்புப் புகை வெளியே போகக் குழாய் வைத்தோம். யார் இருமினாலும் கையைக் கழுவு என்று துரத்துகிறேன். கிளினிக் நாளைத் தவற விடுவதில்லை. லயத்தில் எந்தப் பிள்ளைக்கு இருமல் என்றாலும் செல்லம்மா வந்து, "கணக்கப்பிள்ளை, வந்து எண்ணிச் சொல்லு" என்று கூப்பிடுகிறார்.

என்னைப் போலப் பயந்தவர்களே, அம்மாவை நம்புங்கள். நீங்கள் கேட்டால் அவள் தருவாள். வேப்பிலையும் கட்டுங்கள், மூச்சையும் எண்ணுங்கள். எண்ணிக்கை கூடினால் வாசலைத் தாண்டுங்கள். அவளும் கூடவே வருவாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று தண்ணீரும் ஊற்றிப் பொங்கல் வைத்தோம். பூசாரி அந்த இரண்டு பொட்டலத்தையும் பிரிக்காமலே அம்மன் காலடியில் வைத்திருந்தார். எதில் எந்தப் பூ என்று கேட்க எனக்கு மூன்று தடவை வாய்வரை வந்தது. கூரை ஆணியை எண்ணாமல் தூங்காதவள் நான். கேட்கவில்லை.