ஏரம்புவின் மகள் சொன்ன பயன்

சங்கரத்தை ஊர்ப் பக்கத்தில் சின்னத்தங்கம் ரீச்சரைத் தெரியாத வீடு இல்லை. ஒரே மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருசம் படிப்பித்தவள். இவ்வளவு காலம் படிப்பித்தும் தலைமை ரீச்சர் ஆகவில்லை. படிப்புக் குறைவென்றோ நடத்தைப் பிழையென்றோ யாரும் சொல்ல முடியாது. ஒரேயொரு வாக்கியத்தைச் சபை நடுவே சொல்லியிருந்தால் தலைமை ரீச்சர் இருக்கிற அந்தக் கதிரை அவளுக்குத்தான். அவள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட விதத்தைத்தான் ஊர் இன்னும் கதைக்கிறது.

தகப்பன் ஏரம்பு புகையிலைத் தோட்டக்காரர். அத்தோடு ஊர்ப் பிள்ளையார் கோயிலில் புராணத்துக்குப் பயன் சொல்லுகிறவர். புராணப் படிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஏட்டைப் பார்த்துப் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் அதன் பொருளைக் கேட்டிருக்கிற சனத்துக்கு நீட்டி விரித்துச் சொல்லுவார். அதற்குப் பெயர்தான் பயன். ஒரு கட்டம் முடிகிறபோது பயன்காரர் குரலைத் தாழ்த்தி ஒரு இழுப்பு இழுத்து நிறுத்துவார். அந்த இழுப்பைக் கேட்டதும் கூட்டம் முழுக்க ‘அரகரா’ என்று சொல்லும். ஏரம்பு நாற்பது வருசம் அந்த இழுப்பு இழுத்தவர்.

பெண் பிள்ளைக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிற இடம் மிஷன் போர்டிங் ஒன்றுதான் என்று கேள்விப்பட்டு, எட்டு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். கேற் வாசலோடு நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. பதினேழு வயதில் அவள் ஞானஸ்நானம் எடுக்க விருப்பம் என்று சொன்னபோது, இரண்டு நாள் யோசித்துவிட்டு, மனதுக்குச் சரி என்று பட்டால் செய், உத்தியோகத்துக்காகச் செய்யாதே என்று மட்டும் சொன்னார். அன்றைக்கும் தோய்த்த சால்வையோடு வந்து தேவாலயத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். அவள் ஹன்னா சின்னத்தங்கம் ஆகி வெளியே வந்ததும், பசிக்குதோ என்று கேட்டார். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநாலாம் ஆண்டு நெற்றி நிறையத் திருநீற்றோடு செத்துப்போனார்.

மூன்று வருசம் கழித்துப் பள்ளிக்கூடத்தின் தலைமை அம்மா, ஒரு வெள்ளைக்காரி, வயதாகித் தன் தேசத்துக்குப் போனாள். ஒரு வெறும் கதிரையையும் ஒரு அலுமாரி புத்தகத்தையும் விட்டுவிட்டுப் போனாள். கதிரைக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று சின்னத்தங்கம். மற்றது மியூரியல், அவளுக்கு ஆறு வயது இளையவள், மூன்று தலைமுறையாய்க் கிறிஸ்தவரான வேதக்காரக் குடும்பம், சின்னத்தங்கத்தின் உயிர்ச் சிநேகிதி. தீர்க்கிறவர் பள்ளிக்கூட மனேஜர், அதாவது சபைப் போதகர் எட்வேர்ட் துரைராஜா.

போதகர் கெட்ட மனுசன் இல்லை. காய்ச்சல் காலத்தில் வீடு வீடாய்க் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவர். ஆனால் நரகத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அவருடைய தலையிடி வேறு. சபையில் பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடிவிட்டுத் திங்கட்கிழமை கோயில் வீதியில் நிற்கிற ஆட்கள். வீட்டில் திருநீறு பூசுவார்கள், தேவாலயத்துக்கு வருகிற வழியில் முந்தானையால் துடைத்துவிடுவார்கள். இவர்களை ஒரு பிடி பிடிக்கவேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவருக்கு அந்த அலுமாரியில் ஒரு புத்தகம் அகப்பட்டது. அறுநூறு வருசத்துக்கு முன் இத்தாலி தேசத்துப் புலவன் ஒருவன் பாடிய காப்பியம், இங்கிலிஷில். உயிரோடு இருக்கிற ஒருவன் நரகத்துக்குள் இறங்கி, வளையம் வளையமாய்ச் சுற்றி, எந்தப் பாவிக்கு என்ன தண்டனை என்று பார்த்துக்கொண்டு போகிறான். பக்கத்துக்குப் பக்கம் படம். போதகர் படங்களை மட்டும் பார்த்தார், அவருக்கு அது போதுமாயிருந்தது. பாப்பரசர் ஒருவரையே தலைகீழாய்க் குழியில் நட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டபின் அந்தப் புலவன்மேல் அவருக்குத் தனி மதிப்பும் வந்துவிட்டது.

புதன்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் ஆறு கிழமைக்கு, புதனுக்குப் புதன், இதை விளங்கப்படுத்து, சனம் நடுங்கவேண்டும் என்று சின்னத்தங்கத்திடம் கொடுத்தார். கதிரை கிடைப்பது இதில் தங்கியிருக்கிறது என்றும் சாடையாய்ச் சொன்னார்.

அவள் பள்ளிக்கூடம் விட்டபின் மாமரத்துக்குக் கீழே இருந்து ஒரு மாதம் படித்தாள். முதலில் வேலையாகத்தான் படித்தாள். நாலாம் நாள் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மணி கேட்காமல் இருந்தாள். தண்டனை எல்லாம் அவரவர் செய்த பாவத்தின் அச்சிலேயே வார்த்திருந்தது. ஆசைக் காற்றில் அள்ளுண்டவர்களை அங்கேயும் புயற்காற்று அலைக்கழித்தது. இது அப்பு, அவளுடைய தகப்பன், கோயிலில் சொல்லுகிற எமலோகக் கணக்கேதான் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் முதலில் சரியாய் விளங்காமல் தாண்டிவந்த முதலாம் வளையத்துக்குத் திரும்பி வந்தாள். ஞானஸ்நானம் பெறாமல் செத்த நல்லவர்கள் இருக்கிற இடம் அது, சிரிப்பு நின்றுவிட்டது.

சனத்துக்கு எப்படிச் சொல்லுவது என்பது அடுத்த கேள்வி. மொழிபெயர்த்து எழுதி வாசித்துப் பார்த்தாள். வாயில் வைக்க முடியவில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த வழியிலேயே போனாள். மியூரியல் இங்கிலிஷில் பாட்டை வாசிப்பாள், தான் பயன் சொல்லுவாள். கோயிலில் பெண்ணொருத்தி பயன் சொல்ல விடமாட்டார்கள். இது கோயில் இல்லையே.

முதற் புதன்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். விறாந்தையில் சைவக்காரப் பெண்களும் வேடிக்கை பார்க்க வந்து குந்தினார்கள், அவர்களுக்குள்ளே அவளுடைய தாய் வள்ளிப்பிள்ளையும் இருந்தாள். நரக வாசலிலே, எந்தப் பக்கமும் சேராமல் வாழ்ந்தவர்கள் ஒரு கொடிக்குப் பின்னால் ஓடுகிறார்கள், குளவி கொட்டுகிறது, நின்று மூச்சுவிட ஏலாது. இதைச் சின்னத்தங்கம் சொன்ன விதத்தில், வழியில் திருநீறு துடைத்துவிட்டு வந்த பலபேர் நெற்றியைத் தடவிப் பார்த்தார்கள். போதகர் முன்வரிசை வாங்கில் இருந்து சந்தோசத்தில் தொடையில் தட்டினார். பிறகு நரகத்து ஆறு, அதைக் கடத்துகிற கிழட்டுத் தோணிக்காரன், ஏறச் சுணங்குகிறவனுக்குத் துடுப்பால் அடி. அவளுக்கே தெரியாமல் குரல் தகப்பனுடையதாகிவிட்டது. கட்டம் முடிந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி ஒரு இழுப்பு இழுத்து நிறுத்தினாள்.

‘அரகரா’ என்றது மண்டபம்.

விறாந்தை மட்டுமென்றால் போகட்டும் என்று விடலாம். உள்ளே இருந்த சபைப் பெண்களும் சொன்னார்கள். போதகருக்கு அடுத்தபடியாய்ச் சபைக்கு வேதம் சொல்லுகிற உபதேசியாருடைய பெண்சாதிதான் எல்லாரிலும் உரத்துச் சொன்னாள். சொன்னபின் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்ன வயதில் கோயில் மண்டபத்தில் தாயின் மடியில் கிடந்து கேட்ட இழுப்பு அது, வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. போதகர் எழும்பிப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் சின்னத்தங்கத்தைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாயிருந்தது. சபைக்குள்ளே அவள் கோயிலைக் கொண்டுவந்து விட்டாள், அதை அவளே வெளியேற்றவேண்டும் என்றார். வருகிற புதன்கிழமை முதலாம் வளையம் அல்லவா, ஞானஸ்நானம் பெறாமல் செத்தவர்கள் இருக்கிற இடம் அல்லவா, படத்தின் கீழே போட்டிருக்கிறதே. அங்கே யார் இருக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்லவேண்டும். ‘என் தகப்பன் ஏரம்பு நரகத்தில் இருக்கிறார்.’ இந்த ஒரு வாக்கியம். சொன்னால் அடுத்த திங்கட்கிழமையே கதிரையில் இருக்கலாம். சொல்லாவிட்டால் மியூரியல் இருப்பாள்.

மியூரியல் கேட்டுவிட்டு அழுதாள். சொல்லிவிடு அக்கா, வெறும் பேச்சுத்தானே, உன்னை மிஞ்சி நான் அந்தக் கதிரையில் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது என்றாள். சின்னத்தங்கம் சனிக்கிழமை தாய் வீட்டுக்குப் போனாள். வள்ளிப்பிள்ளை முற்றத்தில் இருந்து வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தாள். எடுத்த எடுப்பில் சொல்ல வாய் வராமல், அந்த நரகத்தின் அடியில் நெருப்பு இல்லை, பனிக்கட்டிதான் என்று மகள் கதையைத் தொடங்கினாள். இந்த வெயிலுக்கு அது நல்ல இடமாக்கும் என்றாள் தாய். பிறகு மகள் விசயத்தைச் சொன்னாள். தாய் கட்டின பிடியைக் கீழே வைத்தாள்.

“சொல்லிப்போட்டு வா பிள்ளை,” என்றாள் வள்ளிப்பிள்ளை. “செத்த மனுசனுக்கு என்ன நோகப்போகுது? உனக்கு உத்தியோகம் கிடைக்கட்டும். அவர் இருந்தாலும் இதைத்தான் சொல்லுவார்.”

தாய் கத்தியிருந்தால், மண்ணள்ளித் தூற்றியிருந்தால், சின்னத்தங்கம் சொல்லிவிட்டுக்கூட வந்திருப்பாளோ என்னவோ. இவ்வளவு இலேசாய் விட்டுக்கொடுத்தது அவளுக்குத் தாங்கவில்லை. அப்புவும் இப்படித்தான் விட்டுக்கொடுத்தார், வேப்பமரத்தடியில் நின்று விட்டுக்கொடுத்தார். எல்லாரும் தனக்காக விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்க, தான் வாங்கிக்கொண்டே இருப்பதா? திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் வேகமாய் நடந்தாள். கோபம் போதகர்மேலா, தன்மேலா என்று பிரிக்க முடியவில்லை.

புதன்கிழமை மண்டபம் நிறைந்து யன்னல்களிலும் தலை. வள்ளிப்பிள்ளை விறாந்தைத் தூணோடு இருந்தாள். போதகர் முன்வாங்கில் இருந்தார். மியூரியல் பாட்டை வாசித்தாள்.

சின்னத்தங்கம் பயன் சொல்லத் தொடங்கினாள். முதலாம் வளையத்தில் அலறல் இல்லை, பெருமூச்சு மட்டுந்தான். அங்கே நெருப்பும் இல்லை, சாட்டையும் இல்லை. ஏழு மதிற் கோட்டை ஒன்று, அதைச் சுற்றி ஆறு, உள்ளே பச்சைப் புல்வெளி. நரகம் முழுக்க இருட்டு, இங்கே மட்டும் வெளிச்சம். அதில் பழைய காலத்துப் புலவர்களும் ஞானிகளும் மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டு இருக்கிறார்கள். கடவுளைக் காணவேண்டும் என்ற ஆசை உண்டு, காண்போம் என்ற நம்பிக்கை இல்லை, அது ஒன்றுதான் அவர்களுக்குத் தண்டனை. விறாந்தையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

போதகருக்குப் பொறுக்கவில்லை. “உதெல்லாம் சரி ரீச்சர். அங்கை ஆர் இருக்கினம் எண்டு சொல்லுங்கோ.”

யன்னல்களில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“சொல்லுறன் ஐயா,” என்றாள் சின்னத்தங்கம். “இந்தப் புத்தகத்திலை ஒரு கிறிஸ்தவன் நரகத்தைத் தாண்டிப் போறான். அவனைக் கூட்டிக்கொண்டு போறவர் ஆர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. பேய்கள் துரத்தேக்கை பிள்ளையைத் தூக்குமாப்போலை அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினவர் ஒருத்தர். இருட்டிலை அவன் அழேக்கை கையைப் பிடிச்சவர் அவர். அவர் இந்த முதலாம் வளையத்து ஆள். ஞானஸ்நானம் எடுக்காத மனுசன். அவன் மோட்சத்துக்குப் போற மட்டும் கூட வாறார், தான் உள்ளுக்கை போறேல்லை. வாசலோடை திரும்பியிடுறார்.”

அவள் விறாந்தைத் தூணோடு இருந்த தாயைப் பார்த்தாள். பிறகு போதகரைப் பார்த்துச் சொன்னாள்.

“என்னையும் ஒருத்தர் கையிலை பிடிச்சுக்கொண்டு வந்து உங்கடை வாசலிலைதான் விட்டவர். ஞானஸ்நானம் எடுக்காத ஆக்களை அந்தப் புலவனும் நரகத்திலைதான் வைச்சான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் வைச்சவனுக்கே மனம் கேக்கேல்லை. வெளிச்சமும் புல்லும் குடுத்தான். தனக்கு வழிகாட்டவும் அங்கையிருந்துதான் ஆளைக் கூப்பிட்டான். அவனுக்கு இருந்த வெக்கம் எனக்கும் இருக்கட்டும். நீங்கள் கேட்ட வசனத்தை நான் சொல்லமாட்டன். அப்பு அங்கைதான் எண்டு நீங்கள் தீர்த்தால், என்ரை பேரையும் அந்த வளையத்திலை எழுதுங்கோ ஐயா. நான் அவரோடை இருந்துகொள்ளுறன்.”

சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். இந்தமுறை தெரிந்தே செய்தாள். தகப்பன் நாற்பது வருசம் இழுத்த அந்த இழுப்பை, ஒரு பிசகில்லாமல், கடைசிவரை இழுத்து நிறுத்தினாள்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. போன கிழமை தன்பாட்டில் வந்த சொல்லுக்கு இன்றைக்கு என்ன விலை என்று எல்லாருக்கும் தெரியும். உபதேசியாருடைய பெண்சாதி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். விறாந்தைக்காரிகளும் மகளுக்குக் கேடு வரும் என்று தாயைப் பார்த்து அடங்கியிருந்தார்கள். இழுப்பு அந்தரத்தில் நின்றது. அதை ஏந்துவாரில்லாமல் நிற்பது சின்னத்தங்கத்துக்கு அடி வாங்குவதிலும் மோசமாயிருந்தது.

புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. மியூரியல் அவளருகே வந்து நின்றாள். வாழ்நாளில் ஒரு கோயில் வாசல் மிதியாதவள், திங்கட்கிழமை கதிரையில் இருக்கவேண்டியவள், தனக்குத் தெரிந்த சொல்லைச் சொன்னாள்.

“ஆமேன்.”

முன்வாங்கில் ஒருத்தி சொன்னாள். பிறகு வாங்கு வாங்காக வந்தது. உபதேசியாருடைய பெண்சாதி உதட்டை விட்டுவிட்டு, போன கிழமையை விடவும் உரத்து ஆமேன் சொன்னாள். அது முடியுமுன் விறாந்தையில் வள்ளிப்பிள்ளை தூணைப் பிடித்து எழும்பி ‘அரகரா’ என்றாள், அவளோடு மற்றவர்களும் சொன்னார்கள். இரண்டு சொல்லும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கூரைக்குப் போயிற்று.

போதகர் எழும்பி நின்றார், முகம் கறுத்திருந்தது. ஆனால் சபை ஆமேன் சொன்னால் தானும் சேர்ந்து சொல்லி முப்பது வருசம் பழகிய வாய் அவருடையது. சின்னத்தங்கம் கண்ணெடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருடைய உதடும் சத்தமில்லாமல் அந்தச் சொல்லுக்கு அசைந்தது.