ஆறாயிரத்தில் ஓடிய மெமரி

ஒரத்தநாட்டில் யாருடைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டாலும் செல்லதுரை கடைக்குத்தான் போவார்கள். போனால் இரண்டு விஷயம் நிச்சயம். மிஷின் சரியாகிவிடும். அது எப்படிச் சரியானது என்ற கதையை அரை மணி நேரம் நின்று கேட்டாக வேண்டும். மனிதருக்கு அவ்வளவு பெருமை. பெருமைப்பட நியாயமும் இருந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, கட்டுச் சுமந்து, அவரைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார்கள். இன்று அதே வயல்காரர்கள் மாடியேறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "சார் இருக்காரா?" என்று கேட்கிறார்கள். பத்தொன்பது வருஷத்தில் ஒருத்தரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை என்று அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். ஒரே ஒரு தடவை சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கல்யாண வீடியோ எடுக்கிற பரிதி மாசி மாதம் புதுக் கம்ப்யூட்டர் கேட்டு வந்தான். புது பிராசசர் சந்தைக்கு வந்திருந்த நேரம் அது. அதற்குப் போர்டும் புதுசு, மெமரியும் புது ரகம். அறுபத்து நாலு ஜிபி வேண்டும் என்றான் பரிதி. ஒரே பெட்டியில் அவ்வளவு கிடைக்கவில்லை. இரண்டு மெமரிப் பட்டை உள்ள பெட்டியாக இரண்டு வரவழைத்து, நாலு பட்டையையும் செருகி ஆன் செய்தார் செல்லதுரை. திரை கறுப்பாகவே கிடந்தது. பரிதிக்கு வியர்த்துவிட்டது.

"பதறாத தம்பி. போர்டு புது மெமரியைப் பழக்கிக்கிட்டு இருக்கு. தானா வரும்."

ஏழு நிமிஷம் கழித்து வந்தது. ஆனால் வந்ததைப் பார்த்துப் பரிதியின் முகம் சுருங்கியது.

"அண்ணே, பெட்டியில ஆறாயிரம்னு போட்டிருக்கு. இது மூவாயிரத்து அறுநூறு வேகத்துலதான ஓடுது? ஏமாத்திப்புட்டானுங்களா?"

யாரும் ஏமாற்றவில்லை. இரண்டு பட்டை போட்டால் ஆறாயிரம் வரும், நாலு போட்டால் மூவாயிரத்து அறுநூறுதான் என்று போர்டோடு வந்த புத்தகத்திலேயே இருந்தது. செல்லதுரை அதைப் படித்திருந்தார். படித்ததைச் சொல்லி அனுப்புவதற்கு ஒரு நிமிஷம் போதும். அவரோ, "விட்டுட்டுப் போ. நாலு நாள் கழிச்சு வா" என்றார்.

அந்த நாலு நாளும் வேறு வேலை எதையும் அவர் தொடவில்லை. மெமரிக்குப் போகிற மின்சாரத்தைக் கொஞ்சம் ஏற்றுவார், கறுப்புத் திரை. ஒரு அளவைத் தளர்த்துவார், மறுபடியும் கறுப்புத் திரை. போர்டில் உள்ள சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டி முதலிலிருந்து தொடங்குவார். நாலாம் நாள் காலை ஆறாயிரத்தில் எழுந்துகொண்டது. மெமரியைச் சோதிக்கிற புரோகிராமைக் கடை ஏசியின் கீழே ஒரு பகல் முழுக்க ஓடவிட்டார். ஒரு பிழைகூட இல்லை. உடனே திரையைப் படம் எடுத்து, டெல்டா மாவட்டங்களின் மெக்கானிக்குகள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். கைதட்டல் கொட்டியது. சீர்காழிக்காரர் ஒருவர் மட்டும், "ஏசி இல்லாம, வெயில்ல வச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். செல்லதுரை அதற்குச் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பரிதியின் ஸ்டூடியோ மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை. சித்திரை பிறந்ததும் அங்கே உட்கார்ந்தால் உடம்பு வெந்துவிடும். அவன் போன் செய்தான்.

"அண்ணே, மத்தியானமானா தானா அணைஞ்சு எந்திரிக்குது."

"புது மிஷின் அப்படித்தான் இருக்கும். அப்டேட் வந்தா சரியாப் போயிடும்."

நேரில் போய்ப் பார்க்கவில்லை. வேகத்தைக் குறைத்து வைத்தால் இந்தக் கோளாறு நின்றுவிடும் என்று அவருக்குச் சந்தேகம் தட்டாமல் இல்லை. ஆனால் குரூப்பில் அந்தப் படம் இருக்கிறதே. அதை எப்படி விழுங்குவது?

வைகாசியில் அதிராம்பட்டினத்தில் ஒரு நிக்காஹ் வேலை பரிதிக்கு வந்தது. பெண் ஹஃப்ஸா. அவள் வாப்பா சேக் தாவூது சவூதியில் ஒரு கடையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். பதினைந்து நாள் லீவில் மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தார். மறுநாள் விடிந்தால் பரிதிக்கு ஒரத்தநாட்டில் வேறொரு முகூர்த்தம். முகூர்த்த மாதத்தில் கேமரா கார்டுகள் ஒரு நாள்கூடச் சும்மா இருக்காது. பரிதி நிக்காஹ் முடிந்த கையோடு வந்து, நல்ல வெயிலில், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினான். அதிலிருந்தே இன்னொரு டிஸ்க்கிலும் காப்பி எடுத்தான். முதல் இரண்டு ஃபைலைத் திறந்து பார்த்தான், ஓடின. கார்டுகளை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பினான். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது அதைத்தான்.

சவூதிக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் சேக் தாவூது மாரடைப்பில் மௌத்தானார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கணவர் இறந்தபின் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் இருந்த அவர் மனைவி ரஹ்மத் பீவி, கல்யாண வீடியோவைச் சீக்கிரம் தரச் சொல்லி ஆள் அனுப்பினார். பரிதி ஃபைல்களைத் திறந்தான். பந்தி ஓடியது, அலங்காரம் ஓடியது. சேக் தாவூது மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிய இடம் பச்சைக் கட்டங்களாக உடைந்து நின்றது. வீட்டார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்த ஃபைல் திறக்கவே இல்லை. இரண்டாவது காப்பியிலும் அதே கதி.

செல்லதுரை வந்தார். பிற்பகல் இரண்டு மணி. பரிதியைக் கீழே அனுப்பிவிட்டு மெமரி சோதனையை ஓடவிட்டார். பதினோராவது நிமிஷத்தில் திரையில் சிவப்பு வரிகள் இறங்கத் தொடங்கின. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பிழைகளை எண்ணினார். வெயில் சூட்டில் மெமரி தப்பும் தவறுமாகப் பிடித்துவைத்ததைத்தான் இரண்டு டிஸ்க்கும் எழுதியிருக்கின்றன. படியில் காலடிச் சத்தம் கேட்டதும் சோதனைப் புரோகிராமை மூடினார்.

"என்னண்ணே ஆச்சு?"

"டிஸ்க் போயிடுச்சு தம்பி."

மிஷினைச் சத்தமில்லாமல் மூவாயிரத்து அறுநூறுக்கு இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அது ஒரு நாளும் அணையவில்லை.

செய்தி அதிராம்பட்டினத்தில் பரவியது. மௌத்தானவர் முகத்தைத் தொலைத்தவன் என்று பரிதிக்குப் பேர் வந்தது. ஆவணிக் கல்யாணங்களுக்குச் சொல்லிவைத்திருந்த மூன்று வீட்டாரும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நாள் கடைக்கு வந்து, "கேமராவை வாங்குற ஆளு யாராச்சும் இருந்தா சொல்லுங்கண்ணே" என்றான். அவன் கோபமாகக் கேட்டிருந்தால் செல்லதுரை தாங்கியிருப்பார். பணிவாகக் கேட்டான். செல்லதுரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

பரிதி எழுந்துகொண்டு, "இதை அந்த வீட்ல வந்து சொல்லுங்க" என்று வண்டியை எடுத்தான். பட்டுக்கோட்டை தாண்டி அதிராம்பட்டினம் போய்ச் சேர்ந்தார்கள்.

கூடத்தில் உட்கார வைத்தார்கள். இத்தாவில் இருப்பவர் வேற்று ஆண்கள் முன்னால் வரமாட்டார். உள் அறை வாசலில் திரை தொங்கியது. அதன் ஓரமாக ஹஃப்ஸா நின்றாள். செல்லதுரை திரையைப் பார்த்துப் பேசினார். மிஷினின் கதையை ஊருக்கெல்லாம் விவரமாகச் சொன்ன மனிதருக்கு அன்று வாய் குழறியது. பரிதிமீது தப்பில்லை, வேகம் காட்ட ஆசைப்பட்டுத் தான் செய்த வேலை என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. அழுத குரல் இல்லை.

"இனிமே எடுக்க முடியாதா தம்பி?"

"முடியாதும்மா."

அந்தச் சொல் கடைசியில் அங்கேதான் அவர் வாயிலிருந்து வந்தது.

"போன்ல பேசினதெல்லாம் பேச்சோட போச்சு. நாங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்தது அந்த ஒரு நாள்தான்" என்றது குரல். பிறகு கேட்டது: "மெதுவா ஓட விட்டிருந்தா இது ஆயிருக்காதுல்ல?"

"ஆயிருக்காதும்மா."

"வேகமா ஓட விட்டதுல எவ்வளவு நேரம் மிச்சமாச்சு?"

செல்லதுரை பரிதியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு மணி நேர வேலைல… அஞ்சு நிமிசம் இருக்கும்மா."

ஹஃப்ஸா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இருபத்தாறு வருசம் காத்துக் கெடந்தவ தம்பி நான்" என்றார் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். "இன்னும் அஞ்சு நிமிசம் காத்திருக்க மாட்டேன்னா நெனச்சீங்க?"