தாம்பூலப் பையில் வைத்த கசப்பிலை

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் என் தம்பியின் கல்யாணத்துக்கு வந்தவர்கள். தாம்பூலப் பையைத் திறந்தபோது தேங்காய்க்கும் வெற்றிலை பாக்குக்கும் நடுவில் ஒரு பொட்டலம் பச்சைத்தூள் இருந்ததையும், அதை மருதாணி என்று நினைத்துச் சிலர் ஊறவைத்துக் கையில் பூசியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பொட்டலத்தை வைத்தவர் எங்கள் அப்பா. அவர் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் அந்தப் பொட்டலம்தான் நினைவுக்கு வருகிறது.

அப்பா திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் காட்டில் பிறந்தவர். கிணறு வற்றி, மாட்டை விற்று, பள்ளிப் படிப்பை நிறுத்தி, மீசை அரும்பும் முன்பே ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஏறியவர். ஆந்திரா, ராஜஸ்தான் என்று ஊர் ஊராகப் போர்வெல் போட்டார். பிறகு கப்பலேறிய ரிக் வண்டிக்குப் பின்னால் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானாவுக்கும் போனார். நானும் தம்பியும் படித்தது அந்த உழைப்பில்தான். வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். வந்த முதல் நாள் நாங்கள் அவர் பக்கத்தில் போகவே கூச்சப்படுவோம். கூச்சம் தெளிந்து மடியில் ஏறி உட்காரும்போது அவர் கிளம்ப வேண்டிய நாள் வந்திருக்கும்.

ரிக் தொழிலில் அப்பாவுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. எவ்வளவு ஆழம் போயும் தண்ணீர் வராமல் புழுதி மட்டும் பறந்தால், துளைபோடும் இரும்பு ராடுகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு பேச்சில்லாமல் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. பணம் போட்ட காட்டுச் சொந்தக்காரர் முகத்தைப் பார்ப்பது அவ்வளவு கஷ்டம். அப்பா நேராக அவரிடம் போய், "இல்லீங்க, தண்ணி இல்லீங்க" என்று சொன்ன பிறகுதான் வண்டியை எடுக்கச் சொல்வார். துக்கம் விசாரிக்க வந்த ரிக் தொழிலாளர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கானாவில் அப்பாவுக்கு மலேரியா வந்தது. முகாமில் சமைத்துப்போட்ட அமினா என்ற அம்மா, தன் வேலியோரம் இருந்த கசப்பிலையைப் பறித்துக் கசக்கி, சாறு பிழிந்து புகட்டிக் காப்பாற்றினார். நாங்கள் சலிக்கச் சலிக்கக் கேட்ட கதை இது. அப்பா எழுந்து உட்கார்ந்து, "சோறு போடுங்கம்மா" என்று அந்த அம்மாவிடம் தமிழில் கேட்டதோடு கதை முடியும். அந்த ஊரில் அந்த இலையைக் காய்ச்சலுக்கும் குடிப்பார்கள், சர்க்கரைக்கும் குடிப்பார்கள். ஊர் திரும்பிய அப்பாவுக்குச் சர்க்கரை வந்தபோது, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை விட்டுவிட்டு அவர் கசப்பிலைக்குப் போனார். விடுமுறையில் வரும் ரிக் பையன்கள் ஆளுக்கு ஒரு பை காய்ந்த இலை கொண்டுவந்து இறக்கினார்கள். அதை அரைத்த மறுநாள் எங்கள் வீட்டுத் தேங்காய்ச் சட்னியும் கசந்தது.

"அந்தக் கசப்பு உங்களோட இருக்கட்டுங்க, என்ற மிக்சிய உட்டுருங்க" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

தனக்குக் கிடைத்த நல்லது சொந்தபந்தத்துக்கும் போக வேண்டும் என்றுதான் தாம்பூலப் பையில் அதை வைத்தார். சிலர் குடித்தார்கள், சிலர் பரணில் போட்டார்கள். அப்பாவின் ஒரே தங்கை, இளம்பிள்ளையில் தறி ஓட்டும் எங்கள் அத்தை, அண்ணன் சொல்லைத் தட்டாதவர். அவருக்கும் சர்க்கரை இருந்தது; பொட்டலத்தை நம்பி மாத்திரையை அடியோடு நிறுத்தினார். கொஞ்ச நாளில் அவருக்குக் கண் மங்கத் தொடங்கியது.

நான் மருந்தியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று அப்பாவோடு எத்தனையோ முறை சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை. "வாயில சொன்னா எப்புடி சாமி? போட்டுப் பாத்தாத்தான தெரியும். உங்க காலேஜுல எலி இருக்குதல்ல, இந்த எலயக் குடுத்துப் பாரு" என்றார். தோட்டத்தில் எந்த இடத்தில் தண்ணீர் என்று கேட்பவர்களுக்கும் போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்பதுதான் அவர் பதில்.

கல்லூரியில் முறைப்படி அனுமதி வாங்கித் தொடங்கினேன். சர்க்கரை நோய் வரவைத்த எலிகளைப் பிரித்து வைத்து, சிலவற்றுக்கு வெறும் தண்ணீர், சிலவற்றுக்கு இலைச்சாறு, சிலவற்றுக்கு டாக்டர்கள் எழுதும் மாத்திரை கொடுத்தோம். எந்தக் கூண்டுக்கு எது என்று சர்க்கரை அளவைப் பார்ப்பவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நான் கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "எலிங்க எப்புடி இருக்குது சாமி?" என்று அப்பா கேட்பார். "பேரப்பசங்களக்கூட இப்புடி விசாரிச்சதில்ல" என்பார் அம்மா. அப்பா ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. கேலி பேசினாலும் அம்மாவுக்கும் இருந்தது.

இலை பொய் சொல்லவில்லை. சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கத்தான் செய்தது. ஆனால் மாத்திரைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அந்தக் கொஞ்சமும் எலியிடம் கண்டது. மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு சாயங்காலம் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன்.

"மாத்திர குடுத்த எலிங்களுக்கு?"

"நல்லா எறங்கியிருக்குதுங்கப்பா."

அவர் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார். பிறகு, "அந்தம்மா மாத்திரையும் குடுத்தாங்க சாமி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "யாருங்கப்பா?"

"அமினாம்மா. மொதல்ல ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டீட்டுப் போனாங்க. மாத்திரய முழுங்கற வரைக்கும் எதுத்தாப்புலயே நின்னாங்க. அதுக்கப்பறந்தான் எலச்சாறு. கத சொல்லச் சொல்ல மாத்திர உட்டுப்போச்சு, எல மட்டும் நின்னுக்கிச்சு. அந்தம்மா மேல தப்பில்ல. நாந்தான் பாதியச் சொல்லீட்டுத் திரிஞ்சிருக்கறேன்."

அப்பாவின் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. எலிகளின் கணக்கைவிட அந்த மறதிதான் அவரை உலுக்கிவிட்டது.

மறுநாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு இளம்பிள்ளைக்குக் கிளம்பினார். அத்தை தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து, "ஏனுங்கண்ணா, பத்திரிக வெக்க வர்றாப்புல நேரத்துலயே வந்திருக்கறீங்க?" என்று சிரித்தார். அப்பா உட்காரவில்லை.

"அம்மிணி, நான் குடுத்த எல பத்தாது. புள்ள போட்டுப் பாத்துட்டா. இன்னிக்கே டாக்டரப் பாத்து மாத்திரய ஆரம்பிக்கோணும். கண்ணு ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டீட்டுப் போறேன்."

"நீங்க சொல்லித்தான நிறுத்துனேன், நீங்க சொன்னா ஆரம்பிச்சுக்கறேன். அதுக்கு ஏனுங்கண்ணா அழுவறீங்க?"

அத்தையின் ஒரு கண் தேறியது. மற்றொன்று முழுதாகத் திரும்பவில்லை. அத்தை ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அப்பா ஒரு நாளும் அதை மறந்ததில்லை.

அதன்பிறகு, கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்த வீடுகளுக்கெல்லாம் அப்பா மறுபடியும் போனார். வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி போட்டுவிடலாம் என்றான் தம்பி. "பொட்டலத்தக் கையில குடுத்துப்போட்டு, பத்தாதுங்கறத போனுல சொல்றதா?" என்று கேட்டுவிட்டு அப்பா டவுன் பஸ் ஏறினார். சூரமங்கலம், ஃபேர்லேண்ட்ஸ், ராசிபுரம், நாமக்கல் என்று அலைந்தார். "இன்னும் எந்தப் பையனுக்குங்க கல்யாணம்?" என்று கேட்டுக் காப்பி கொடுத்தவர்கள் உண்டு. "ஊரே சிரிக்குதுங்க, எதுக்கு இந்த வேல?" என்று ஒருவர் முகத்துக்கு நேராகக் கேட்டார். "சிரிக்கட்டுங்க. நீங்க சர்க்கரையப் பாத்தீங்களா?" என்று அப்பா அவரிடம் திருப்பிக் கேட்டார்.

அப்பாவும் மாத்திரைக்குத் திரும்பியிருந்தார். ஆனால் மாத்திரை இல்லாமல் இருந்த காலத்தில் சிறுநீரகம் கெட்டிருந்தது. சேலத்தில் டயாலிசிஸ் தொடங்கிய பிறகு பஸ் பயணம் நின்றது. படுக்கையில் இருந்தபடியே விடுபட்ட ஊர்களைச் சொல்லிக்கொண்டிருப்பார். "பாக்கி ஊடுகளுக்கு நீ போய்ச் சொல்லிப்போடு சாமி" என்றார். சொல்கிறேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசி நாட்களில் வலி அதிகமில்லை. அம்மாவும் அத்தையும் பக்கத்தில் இருக்க, ஒரு மத்தியானம் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அப்பாவைப் பொறுமையோடு பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும், ஊசி போடும்போதெல்லாம் அவரிடம் கானாக் கதை கேட்ட டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், நேரம் காலம் பாராமல் ஆஸ்பத்திரிக்கு வந்த ஆட்டோத் தம்பிக்கும், ஒற்றைக் கண் பார்வையோடு தினமும் இளம்பிள்ளையிலிருந்து பஸ் ஏறி வந்த அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வந்த காரணத்தைக் கேட்டுச் சிரிக்காமல் அப்பாவை உட்காரவைத்துக் காப்பி கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் நன்றி. கடல் தாண்டி இருக்கும் அமினா அம்மாவுக்கும் நன்றி. அவர் கொடுத்ததை முழுதாகச் சொல்ல எங்களுக்கு இத்தனை காலம் ஆகிவிட்டது.

அப்பா விட்டுப்போன வீடுகளில் பலவற்றுக்கு நான் போய்வந்தேன். சிலர் வீடு மாற்றிப் போயிருந்தார்கள், சில வீடுகள் பூட்டிக் கிடந்தன. எப்படியாவது கைமாறி இந்த மலர் அவர்களுக்கும் போய்ச் சேரும் என்று நம்புகிறேன். உங்கள் வீடு அவற்றில் ஒன்று என்றால், இதை நான் எழுதியதாக நினைக்க வேண்டாம். அப்பா உங்கள் வாசலில், உட்காராமல், நின்றபடியே சொல்கிறார்:

"எல பத்தாதுங்க. டாக்டரப் பாத்து மாத்திரய ஆரம்பிச்சுருங்க."