மூன்று கோடி இலக்கத்துக்கு ஒரு ஃபேன்

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் ஓர் அலுவலகத்தில் கிளார்க். அந்தமானில், போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் ரெண்டு அறை வீடு, அதில் ஒரே ஒரு டேபிள் ஃபேன். அந்த ஃபேன் நாலு மாதம் எனக்குக் காற்று வீசவில்லை. ஒரு கம்ப்யூட்டருக்கு வீசியது.

அதற்கு அப்படி என்ன வேலை? ரெண்டைப் பத்து கோடி தடவைக்கு மேல் பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கழித்தால் ஓர் எண் வரும். மூன்று கோடி இலக்கம். அது பகா எண்ணா என்று பார்க்க வேண்டுமாம். உலகம் பூராவும் இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் ஆளுக்கொரு எண்ணை எடுத்துச் சோதிக்கிறார்கள். பகா எண் என்று வந்துவிட்டால், கண்டுபிடித்தவர் என்று இவர் பேர் நிற்கும். மனுஷன் அந்த ஆசையில்தான் கிடந்தார்.

"மூணு, ஏழு, முப்பத்தொண்ணு எல்லாம் இந்த வகைதான். எதாலயும் வகுபடாது" என்று குழம்புக் கையோடு தட்டில் எழுதிக் காட்டுவார். "ஆனா பதினோரு தடவை பெருக்கி ஒண்ணைக் கழிச்சுப் பாரு, ரெண்டாயிரத்து நாப்பத்தேழு. இருபத்துமூணால வகுபட்டுடும், துரோகி!"

"இதால யாருக்கு என்ன பிரயோஜனம்?"

"எவரெஸ்ட்ல ஏறுறதால என்ன பிரயோஜனம்?"

"ஏறினவனுக்குத் தொப்பையாவது குறையும்."

சோதனை முடிய ஒரு வாரம் இருக்கும்போது தேர்வு வேலை என்று அவரைக் கார் நிக்கோபார் தீவுக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் காற்று மழை, திரும்பிவரக் கப்பல் இல்லை. கரண்ட் போய் வந்தால் மெஷினை மறுபடி போட வேண்டும், விட்ட இடத்திலிருந்து ஓடும். அந்தப் பொறுப்பு என் தலையில். பக்கத்து வீட்டு பெங்காலி அக்கா, "பாபி, யே மெஷின் கியா பனாதா ஹை?" என்றாள், இந்த மெஷின் என்னதான் செய்கிறது என்று. "குச் நஹி", ஒண்ணுமில்லை என்றேன். பொய்யில்லையே.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்டோ பிடித்து வந்து, வாய்நிறையத் திட்டிக்கொண்டே ஸ்விட்ச் போட்டேன். திரையில் தொண்ணூற்றொன்பது சதவிகிதம் என்று பார்த்த அன்றைக்கு அலுவலகத்துக்குத் திரும்ப மனசே வரவில்லை. சீ, எனக்கென்ன வந்தது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

கடைசியில் மீதி சுழியம் என்று வந்தால் பகா எண். வேறு எது வந்தாலும் இல்லை. மறுநாள் சாயங்காலம் வேறு என்னமோ வந்து நின்றது. சரி, பகா எண் இல்லை, எதால்தான் வகுபடும்? அது இந்தச் சோதனையில் தெரியாதாம்! நாலு மாதம் என் காற்றைத் தின்ற கழுதை, அதைக்கூடச் சொல்லாமல் கையை விரித்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த எண்ணுக்காக இல்லை, அவருக்காக.

ராத்திரி லைன் கிடைத்ததும் அவர் எடுத்தவுடன் கேட்டது, "வந்துச்சா?"

"வந்துச்சுங்க. சுழியம் இல்லை."

"சரி விடு. மெஷினை நிறுத்திட்டு ஃபேனை நீ எடுத்துக்கோ."

"ஃபேனை எடுக்க முடியாது."

"ஏன்?"

"அடுத்த நம்பரைப் போட்டுட்டேன். சாயங்காலத்துல இருந்து ஓடிக்கிட்டு இருக்கு."