இஸ்திரி அக்காவின் மூன்று விரல்கள்

இன்றைக்கும் அந்த மேனேஜரை நினைத்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. அவரோடு சேர்த்து என்னை நினைத்தாலும்தான்.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் நாங்கள் வேலை பார்த்தோம். இஸ்திரி அக்கா அங்கே பதினாறு வருடம் பெட்டி பிடித்தவர். துணியில் ஈரம் மிச்சமிருக்கிறதா என்று விரல் நுனியால் தடவியே சொல்லிவிடுவார். வீட்டுக்காரர் இறந்த பிறகு இரண்டு பெண்களைக் கரையேற்றியது அந்தக் கைதான். வாயும் லேசுப்பட்டதல்ல. "உன் மடிப்பைப் பார்த்தா நோயாளி எழுந்து ஓடிடுவான்டி" என்று என்னை வாருவார்.

ஒரு நாள், போர்வைக்குள் எவனோ விட்டிருந்த உடைந்த மருந்துக் குப்பி அவருடைய வலது மணிக்கட்டைக் கிழித்தது. நரம்பு அறுந்துபோனது. டாக்டர் அதைத் தைத்துவிட்டு, "நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிசும்மா. விரல் நுனிக்கு வர ஆறேழு மாசம் ஆகும். அதுவரைக்கும் சூடு பக்கமே போகாதீங்க" என்றார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துக் கிடந்தன. உணர்வு திரும்பினால் இஸ்திரி மேசை, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

காயம் ஆறியதும் ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சிச் சீட்டு கொடுத்தார்கள். 'பலவகைத் துணிகளை வெறுங்கையால் தொட்டுப் பழகவும்.' கண்ணை மூடிக்கொண்டு பஞ்சு, பட்டு, சாக்கு என்று தடவித் தடவி மூளைக்கு மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். மேனேஜர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"பலவகைத் துணியா? நம்மகிட்டதான் கொட்டிக் கிடக்கே! அழுக்குத்துணித் தொட்டிகிட்ட நில்லும்மா. மரத்த கைக்கு அருவருப்பு ஏது?"

தூ! ரத்தம், சீழ், வாந்தி, மலம் என்று வருகிற துணிகளைக் கையுறை இல்லாமல் பிரிக்க வைத்தார். வேலை போய்விடக் கூடாதே என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நாங்கள்? எங்கள் பங்கு மூட்டைகளையும், "உங்களுக்குத்தான் தொட்டாத் தெரியாதேக்கா" என்று அவர் பக்கமே தள்ளினோம். அவருடைய இஸ்திரி மேசைக்குப் பின்னால் நான் சொகுசாக நின்றேன். மதியம் அவர் இடது கையால் தட்டுத் தடுமாறிச் சாப்பிடும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தவளும் நான்தான்.

கொஞ்ச நாளாக விரலில் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறது என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை. ஏழாம் மாதம் ஒரு காலை, தொட்டிப் பக்கமிருந்து "சீச்சீ!" என்று அலறல். அக்கா வலது கையை உதறிக்கொண்டிருந்தார். விரல்களில் யாருடையதோ கோழை.

"பிசுபிசுன்னு இருக்குடி! ஐயோ, எனக்குத் தெரியுதுடி!"

ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். நடுநடுவே சிரித்தார்.

மேனேஜர் ஓடிவந்தார். "அப்போ தொட்டியை யாரும்மா பார்க்கிறது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அக்கா சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினார். நேராக என் மேசைக்கு வந்து, நான் மடித்து வைத்திருந்த போர்வையை ஆள்காட்டி விரலால் தடவினார்.

"ஈரம் போகலை" என்று சொல்லி, பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மேனேஜர் என்னைப் பார்த்துத் தொட்டியைக் காட்டினார். நான் கையுறை கேட்டேன்.

"இத்தனை மாசம் இல்லாமத்தானே நடந்துச்சு? இப்ப என்ன புதுசா?"

அக்கா தலை நிமிராமல் என் போர்வையை மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தொட்டிக்குள் கையை விட்டேன். என் கைக்கு எல்லாமே தெரிந்தது.